ஆறு வரிப் பதிவு: ஒரு ஸ்டாட்டிக் தளத்தின் ரோல்பேக் தவறிய கதையும் திருத்தப்பட்ட விதமும்

பின்னணி

பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தகவல் தளத்தில் வேலை நாள் ஒன்றின் நண்பகலில் ஏற்பட்ட பிழையையும், அதை நீக்குவதற்காகச் செய்த ரோல்பேக், அதாவது முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வேலை, நிலைமையை இன்னும் குழப்பியதையும், அதன் பிறகு முறையை நாங்கள் மாற்றிக்கொண்டதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. தளத்தைப் பராமரித்த எங்கள் குழுவில் இரண்டு பொறியாளர்களும், பக்கங்களின் உள்ளடக்கத்தைத் திருத்தும் ஒருவரும், வெளியீடுகளுக்கு ஒப்புதல் தரும் மேலாளர் ஒருவரும் இருந்தோம்.

தளத்தைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் விற்பனை முகவர்களும் களத்தில் வேலை செய்யும் மெக்கானிக்குகளும்தான். மாடல் எண்ணைத் தட்டினால் உதிரிப் பாக எண்கள், வயரிங் படம், கெபாசிட்டர் அளவு, மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் ஆகியவை அட்டவணையாக வரும். மூன்று மொழிகளிலும் சேர்த்து 1,140 பக்கங்கள் இருந்தன. அனைத்தும் முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாக உருவாக்கப்பட்டு, அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில் பக்கெட் எனப்படும் ஒரு கொள்கலனில் வைக்கப்பட்டு, கிளவுட்ஃப்ரண்ட் என்ற சிடிஎன் (கோப்புகளின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்து வழங்கும் வலையமைப்பு) வழியாக வழங்கப்பட்டன. தரவுத்தளம் இல்லை, சர்வர் நிரல் இல்லை. இப்படிப்பட்ட தளத்தில் ரோல்பேக் என்பது பழைய கோப்புகளைத் திரும்ப ஏற்றிவிடும் எளிய வேலை என்று நாங்கள் நால்வருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

நிகழ்வைப் புரிந்துகொள்ள அமைப்பின் மூன்று கூறுகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, பக்கத்தின் தோற்றத்தையும் செயலையும் தீர்மானிக்கும் ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரில் அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட எட்டு எழுத்து ஹாஷ் ஒன்று சேர்ந்திருக்கும். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும் என்பதால், அந்தக் கோப்புகளை உலாவிகள் ஓராண்டு வரை கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்ள அனுமதித்திருந்தோம். பக்கங்களுக்கோ பத்து நிமிடம் மட்டுமே. இரண்டாவது, கிணற்றடியிலும் தோட்டத்திலும் சிக்னல் கிடைக்காத மெக்கானிக்குகளுக்காக, உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரல் ஒன்று இயங்கியது. அதிகம் தேடப்படும் அறுபது பக்கங்களையும் அவற்றுக்கான ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளையும் அது கைபேசியிலேயே சேமித்து வைத்து, இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் அந்தச் சேமிப்பிலிருந்தே காட்டும். மூன்றாவது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பில்ட், அதாவது பக்கங்களை உருவாக்கும் வேலை, முடிந்ததும் எல்லாக் கோப்புகளும் ஒரு சுருக்கத் தொகுப்பாகச் சேமிக்கப்பட்டன. ரோல்பேக் தேவைப்பட்டால் பழைய தொகுப்பை விரித்து, வெளியீட்டுக்குப் பயன்படும் அதே நிரலை அதன்மீது ஓட்டுவது என்பதே எழுதி வைத்திருந்த திட்டம். அந்த நிரலின் நடுவில் இருந்தது, நம்மிடம் உள்ள கோப்புகளோடு பக்கெட்டை ஒத்திசைக்கும் எஸ்3-இன் ‘சிங்க்’ கட்டளை. பழைய கோப்புகள் பக்கெட்டில் தேங்காமல் இருக்க ‘டெலீட்’ தெரிவும் அதனுடன் சேர்க்கப்பட்டிருந்தது.

வெளியீடும் முதல் அழைப்பும்

அன்று காலை 11:40-க்கு வெளியான பதிப்பில் மூன்று மாற்றங்கள் இருந்தன. ஸ்டைல் கோப்பில் சில திருத்தங்கள். சிறிய திரையில் அட்டவணையை அட்டைகளாக மாற்றிக் காட்டும் ஸ்கிரிப்டின் புதிய வடிவம். இவற்றோடு, இரண்டு மாடல் பக்கங்களில் தவறாக இருந்த பேரிங் எண்களின் திருத்தம். மூன்றாவது மாற்றம் சிறியது என்பதால் தனியாக வெளியிடாமல் மற்றவற்றோடு சேர்த்துவிட்டோம். இந்த முடிவு பிறகு எங்களைத் தேடி வந்தது.

12:26-க்குச் சேவைப் பிரிவுக்கு ஒரு மெக்கானிக்கிடமிருந்து அழைப்பு வந்தது. “சார், ஒன்றரை எச்.பி. மாடலைத் தட்டினா, எச்.பி.ன்னு போட்டு பக்கத்துல நூறு-நூத்திருபதுன்னு காட்டுது” என்றார். சேவைப் பிரிவினர் அதை எங்களுக்கு அனுப்பிய ஐந்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டமான மாடல் எண் தலைப்புக் கட்டமாகக் குறியிடப்பட்டிருந்தது; புதிய ஸ்கிரிப்ட் சாதாரணக் கட்டங்களை மட்டும் எண்ணி, தலைப்பு வரிசையை முதலிலிருந்து எண்ணியது. அதனால் எல்லாப் பெயர்களும் ஒரு கட்டம் நகர்ந்துவிட்டன. ஸ்டார்ட் கெபாசிட்டரின் அளவு குதிரைத்திறன் என்ற பெயரிலும், ரன் கெபாசிட்டரின் அளவு ஸ்டார்ட் கெபாசிட்டர் என்ற பெயரிலும், மின்னோட்டம் ரன் கெபாசிட்டர் என்ற பெயரிலும் தெரிந்தன. கணினித் திரையில் அட்டவணை சரியாகவே இருந்தது. நாங்கள் சோதித்ததும் கணினித் திரையில்தான்.

குதிரைத்திறன் 100 என்று தெரிந்ததால் அந்த மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அட்டையின் கீழ்ப்பகுதியை மட்டும் பார்ப்பவருக்கு அப்படிச் சந்தேகம் வரவேண்டிய அவசியமில்லை. ஸ்டார்ட் கெபாசிட்டர் மோட்டார் கிளம்பும் சில நொடிகள் மட்டுமே சுற்றில் இருந்து பிறகு விலகிவிடும். ரன் கெபாசிட்டர் மோட்டார் ஓடும் நேரம் முழுவதும் சுற்றிலேயே இருக்கும். ஒன்றின் அளவை மற்றொன்றின் இடத்தில் பொருத்தினால் மோட்டார் கிளம்பாமல் திணறலாம், அல்லது வைண்டிங் சூடேறிப் போகலாம். தளம் இயங்காமல் போவதைவிட, தவறான எண்ணைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருப்பது பெரிய ஆபத்து என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

ரோல்பேக் என்ற முடிவு

பிழை ஸ்கிரிப்டில் ஒரே வரியில் இருந்தது. அதைத் திருத்திப் புதிய வெளியீடு செய்யலாம் என்பது ஒரு வழி. முந்தைய பதிப்புக்குத் திரும்புவது இன்னொரு வழி. பில்டுக்கு மட்டும் ஒன்பது நிமிடம் ஆகும், திருத்தத்தை மூன்று மொழிப் பக்கங்களிலும் கைபேசியில் சோதிக்க வேண்டும், அவசரத்தில் எழுதும் திருத்தம் இன்னொரு பிழையைக் கொண்டுவரக்கூடும். முந்தைய பதிப்போ ஒன்பது நாள் எந்தப் புகாருமின்றி ஓடியது. எனவே ரோல்பேக் என்று முடிவு செய்தோம். இன்று திரும்பிப் பார்க்கும்போதும் அந்த முடிவில் குறை காணவில்லை. குறை அதை நிறைவேற்றிய கருவியில் இருந்தது.

மேலாளர் ஒரு கூட்டத்தில் இருந்ததால் ஒப்புதல் கிடைக்கப் பதினேழு நிமிடம் ஆயிற்று. 12:48-க்குப் பணியில் இருந்த பொறியாளர் பழைய தொகுப்பை விரித்து நிரலை ஓட்டினார். சில நொடிகளில் முடிந்தது. அடுத்து, சிடிஎன்-இல் உள்ள எல்லாப் பிரதிகளையும் செல்லாதவையாக்கும் கோரிக்கையை அனுப்பினார்; அது 12:53-க்கு நிறைவடைந்தது. தன் கைபேசியில் தளத்தைத் திறந்து பார்த்தார். அட்டைகள் இன்னும் தவறாகவே இருந்தன. கைபேசியின் கேஷ் விலக நேரமாகும் என்று எண்ணி, ரோல்பேக் முடிந்ததாகக் குழுவுக்குத் தெரிவித்தார்.

ஒரே முகவரி, மூன்று தோற்றங்கள்

13:05 முதல் அழைப்புகள் பெருகின. இம்முறை புகார் வேறு: தளம் எந்த வடிவமும் இல்லாமல், வெறும் எழுத்தும் கோடுமாக வருகிறது என்றார்கள். சேவைப் பிரிவின் கணினிகளிலும் அப்படியே. எங்கள் இரண்டாவது பொறியாளர் மறைநிலைச் சாளரத்தில், அதாவது பழைய சேமிப்பு எதுவும் இல்லாத உலாவிச் சாளரத்தில், திறந்தபோது அவருக்கும் அப்படியே வந்தது. முதல் பொறியாளரின் கைபேசியில் மட்டும் தளம் அழகாக, ஆனால் தவறான பெயர்களோடு தெரிந்தது. உள்ளடக்கத் திருத்துநரின் கைபேசியிலோ அழகாகவும் சரியாகவும் தெரிந்தது. ஒரே அறையில், ஒரே முகவரியை மூவரும் மூன்று விதமாகப் பார்த்துக்கொண்டு, அவரவர் பார்த்ததை வைத்து ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததில் நேரம் வீணாகியது.

எஸ்3-இல் எழுதிய மாற்றம் உடனே எல்லா இடத்திலும் தெரிவதில்லை, சற்றுக் காத்திருந்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி மேலும் பத்து நிமிடம் காத்திருந்தோம். பழைய காலத்தில் அது நியாயமான விளக்கம். ஆனால் 2020 டிசம்பர் முதல் எஸ்3-இல் எழுதி முடித்த கோப்பை உடனே படித்தால் புதியதே கிடைக்கும். எங்கள் அறிவு அந்தத் தேதிக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தது.

கடைசியில் விடை நிரலின் பதிவிலேயே கிடைத்தது. காலை வெளியீட்டின் பதிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியும் ஏற்றப்பட்ட ஒரு கோப்பு. ரோல்பேக்கின் பதிவில் இருந்தவை ஆறே வரிகள். பழைய ஸ்டைல் கோப்பும் பழைய ஸ்கிரிப்டும் ஏற்றப்பட்டிருந்தன, இரண்டு பக்கங்கள் ஏற்றப்பட்டிருந்தன, புதிய ஸ்டைல் கோப்பும் புதிய ஸ்கிரிப்டும் நீக்கப்பட்டிருந்தன. மீதமுள்ள 1,138 பக்கங்களை நிரல் தொடவே இல்லை.

சிங்க் கட்டளை ஏன் தொடவில்லை

சிங்க் கட்டளை ஒரு கோப்பை ஏற்ற வேண்டுமா என்பதை மூன்று நிபந்தனைகளைக் கொண்டு முடிவு செய்கிறது: கோப்பு பக்கெட்டில் இல்லாதிருக்க வேண்டும், அல்லது அளவு வேறுபட வேண்டும், அல்லது நம்மிடம் உள்ள கோப்பின் திருத்த நேரம் பக்கெட்டில் உள்ளதைவிடப் புதியதாக இருக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்தை அது ஒப்பிடுவதில்லை. கட்டளையின் ஆவணத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது, படித்துமிருந்தோம்.

சுருக்கத் தொகுப்பை விரிக்கும்போது கோப்புகள் தங்கள் பழைய திருத்த நேரத்தோடே வெளிவருகின்றன. அதாவது நாங்கள் ஏற்ற நினைத்த பக்கங்களின் நேரம் ஒன்பது நாள் பழையது. பக்கெட்டில் இருந்த பக்கங்களின் நேரம் அன்று காலை 11:40. நேரத்தின்படி பார்த்தால் ஏற்றத் தேவையில்லை. அளவின்படி? இரண்டு பதிப்புகளுக்கும் இடையே பெரும்பாலான பக்கங்களில் மாறியிருந்தது ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரில் உள்ள ஹாஷ் மட்டுமே. எட்டு எழுத்துக்குப் பதில் வேறு எட்டு எழுத்து. ஒரு பைட்டும் கூடவில்லை, குறையவில்லை. சர்வீஸ் வொர்க்கர் கோப்பின் கதையும் இதேதான். அதற்குள் இருந்த பட்டியலில் ஹாஷ்கள் மாறின, நீளம் மாறவில்லை.

பக்கங்கள் எல்லாம் புதிய பெயர்களைக் கேட்டுக்கொண்டிருக்க, டெலீட் தெரிவு அந்தப் புதிய பெயருள்ள கோப்புகளைப் பக்கெட்டிலிருந்து அகற்றியது. சிடிஎன் தன்னிடமிருந்த பிரதிகளைக் கொண்டு சற்று நேரம் தாங்கியிருக்கும்; அந்தப் பிரதிகளையும் நாங்களே அழித்துவிட்டோம்.

இதில் கசப்பான ஒரு விஷயம் உண்டு. நிரல் உண்மையாகவே பழைய நிலைக்குக் கொண்டுபோன பக்கங்கள் இரண்டு. அவை காலையில் பேரிங் எண் திருத்தப்பட்ட பக்கங்கள். எண்ணில் இலக்கங்கள் கூடியதால் அவற்றின் அளவு மாறியிருந்தது. ஆக, 1,140 பக்கங்களில் பின்னோக்கிப் போகக்கூடாத இரண்டு மட்டுமே பின்னோக்கிப் போயின.

மூன்று தோற்றங்களுக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. முதன்முறையாக வருபவருக்கும் மறைநிலைச் சாளரத்துக்கும் புதிய பக்கம் வந்தது, அது கேட்ட கோப்புகள் இல்லை. முதல் பொறியாளரின் கைபேசி, காலையில் அவர் வெளியீட்டைச் சோதித்தபோதே புதிய பதிப்பை முழுமையாகச் சேமித்துவிட்டிருந்தது; எனவே பக்கெட்டில் என்ன நடந்தாலும் அது பிழையோடே அழகாக ஓடும். திருத்துநரின் கைபேசியில் பழைய சர்வீஸ் வொர்க்கர் இருந்தது. அது புதியதை நிறுவ முயன்று, பட்டியலில் இருந்த கோப்பு கிடைக்காததால் நிறுவல் தோற்று, பழையதே நீடித்தது. பட்டியலில் ஒரு கோப்பு கிடைக்காவிட்டாலும் முழு நிறுவலும் நின்றுவிடும் என்ற விதி பல மெக்கானிக்குகளை அன்று காப்பாற்றியது. அதற்கான பெருமை எங்களைச் சேராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடிவமிழந்து வந்த பக்கத்தில், பிழையான ஸ்கிரிப்ட் ஓடாததால், அட்டவணை சரியாகவே இருந்தது. புகார்கள் அதிகரித்த அந்த அரை மணி நேரத்தில்தான் தளம், பார்க்க மோசமாக இருந்தாலும், உண்மையைச் சொன்னது. அழைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆபத்தை அளவிடக்கூடாது என்று பிறகு குறித்து வைத்தோம். 11:40 முதல் 12:53 வரை வந்த அழைப்பு ஒன்றே ஒன்று.

இரண்டாம் முயற்சி

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. பக்கெட்டில் பழைய பதிப்புகளைக் காக்கும் வெர்ஷனிங் வசதி இயக்கப்பட்டிருந்ததால் ஒவ்வொரு கோப்பின் முந்தைய பதிப்பையும் மீட்கலாம். ஆயிரம் கோப்புகளுக்கு அதைச் செய்யும் நிரல் எங்களிடம் இல்லை, பதற்றமான நேரத்தில் அதை எழுத விரும்பவில்லை. ஒப்பிடாமல் எல்லாவற்றையும் நகலெடுக்கும் கட்டளையை ஓட்டலாம் என்பது அடுத்தது. அதை ஓட்டும் தறுவாயில் இரண்டாவது பொறியாளர் தடுத்தார். எஸ்3-இல் கேஷ் காலம் பற்றிய குறிப்பு ஏற்றும் தருணத்தில் கோப்போடு சேர்க்கப்படுவது. வெறும் நகல் கட்டளையை ஓட்டி அந்தக் குறிப்பு விடுபட்டிருந்தால், பக்கங்களுக்குக் கேஷ் காலம் எதுவும் இல்லாமல், சிடிஎன் தன் இயல்பான 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். அடுத்த திருத்தமும் சிக்கியிருக்கும்.

அவர் சொன்ன மூன்றாவது வழியையே ஏற்றோம். விரித்த கோப்புகள் எல்லாவற்றின் திருத்த நேரத்தையும் அந்த நொடிக்கு மாற்றிவிட்டு, கேஷ் குறிப்புகளைச் சரியாகச் சேர்க்கும் அதே வெளியீட்டு நிரலை, டெலீட் தெரிவை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினோம். 13:34-க்குத் தொடங்கி 13:41-க்குள் எல்லாப் பக்கங்களும் ஏறின. நீக்கப்பட்ட புதிய ஸ்டைல் கோப்பை மட்டும் மீட்டெடுத்து வைத்தோம், ஏனெனில் பத்து நிமிடக் கேஷில் இருந்த பக்கங்கள் அதைக் கேட்கும். பிழையான ஸ்கிரிப்டை மீட்கவில்லை. அதே பெயரில் திருத்திய ஸ்கிரிப்டை வைத்தால் என்ன என்ற யோசனையும் எழுந்தது. ஏற்கனவே அதைச் சேமித்த உலாவி ஓராண்டுக்குத் திரும்பக் கேட்காது என்பதால் பயனில்லை, மேலும் ஒரே பெயருக்கு இரண்டு உள்ளடக்கம் என்பது ஹாஷ் முறையின் அடிப்படையையே கெடுத்துவிடும். அதைக் கைவிட்டோம்.

கைபேசிகளில் தங்கிய பதிப்பு

தளம் சரியானது. ஆனால் 11:40-க்கும் 12:53-க்கும் இடையே வந்துபோன கைபேசிகளுக்குள் பிழையான பதிப்பு உட்கார்ந்திருந்தது. அவை அடுத்த முறை தளத்தைத் திறக்கும்போது உலாவி பின்னணியில் சர்வீஸ் வொர்க்கர் கோப்பைச் சரிபார்க்கும், வேறுபாடு கண்டு பழையதைப் புதியதாகவே எண்ணி நிறுவும், ஆனால் தளத்தின் எல்லாச் சாளரங்களும் மூடப்படும் வரை அதைக் காத்திருக்க வைக்கும். எனவே அடுத்து ஒருமுறை நிச்சயமாகத் தவறான அட்டையே தெரியும். உலாவியை மூடும் பழக்கமில்லாதவருக்குப் பல நாள் தெரியும்.

15:10-க்கு ஒரு தனி சர்வீஸ் வொர்க்கரை வெளியிட்டோம். காத்திருக்காமல் உடனே பொறுப்பேற்பது, பழைய சேமிப்புகள் அனைத்தையும் அழிப்பது, திறந்திருக்கும் பக்கங்களை மறுபடி ஏற்ற வைப்பது ஆகிய மூன்றை மட்டுமே அது செய்தது. இணையத்தைத் தொடும் எந்தக் கைபேசியையும் அது சீர்செய்யும். சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவரை எட்ட எந்த நிரலாலும் முடியாது. அதனால் சேவைப் பிரிவு முகவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், அன்று காலை பதினொன்றரைக்கும் ஒன்றுக்கும் இடையே கைபேசியில் கெபாசிட்டர் அளவு பார்த்தவர்கள் பேனல் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளுமாறு செய்தி அனுப்பியது. இந்தச் செய்தியை 12:31-க்கே அனுப்பியிருக்க வேண்டும். தளத்தைச் சரிசெய்த பிறகு சொல்லலாம் என்று இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாமதித்ததே, என் கணிப்பில், அன்றைய பிழைகளில் மிகப் பெரியது.

16:00 மணியளவில் திருத்துநர் தன் பேரிங் எண் திருத்தங்கள் காணாமல் போனதைக் கண்டறிந்தார். அவற்றை மட்டும் கொண்ட ஒரு வெளியீடு மாலையில் சென்றது.

சிடிஎன்-இன் பதிவுக் கோப்புகள் வந்துசேரச் சில வேளைகளில் 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது; சில நூறு கைபேசிகள். ஒரு முகவர் தவறான அளவுள்ள ரன் கெபாசிட்டர்களை வாங்கி, செய்தியைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். மோட்டார் பழுதானதாகப் புகார் எதுவும் வரவில்லை.

சோதித்த திட்டம் எப்போது பொய்யானது

எங்கள் ரோல்பேக் முறை சோதிக்கப்படாதது அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சோதித்திருந்தோம், வேலையும் செய்தது. அப்போது தொகுப்பு சேமிக்கும் வழக்கம் இல்லை. பழைய மூலநிரலை எடுத்து மறுபடி பில்ட் செய்து ஏற்றுவோம். புதிதாகப் பிறந்த கோப்புகளுக்குப் புதிய நேரம் இருந்ததால் சிங்க் கட்டளை எல்லாவற்றையும் ஏற்றியது. பிறகு, ஒன்பது நிமிட பில்டைத் தவிர்க்கவும், சோதித்த அதே கோப்புகளையே திரும்ப வைக்கவும், தொகுப்பு முறைக்கு மாறினோம். அது நல்ல மாற்றம்தான். அந்த மாற்றத்தால் ரோல்பேக்கின் பாதை மாறிவிட்டது என்பதும், பழைய சோதனை இனி செல்லாது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. ஆவணத்தில் ‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது.

மாற்றிய அமைப்பு

ஒவ்வொரு வெளியீடும் இப்போது பக்கெட்டில் தனக்கென ஒரு கோப்புறையில் செல்கிறது. ஒருமுறை எழுதிய கோப்புறையை யாரும் மாற்றுவதில்லை. ஹாஷ் பெயருள்ள ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகள் எல்லா வெளியீடுகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் சேர்கின்றன. வெளியீட்டு நிரலில் நீக்கும் வேலையே இல்லை. எந்தக் கோப்புறை நடப்பில் உள்ளது என்பதைக் கிளவுட்ஃப்ரண்டில் ஓடும் ஃபங்ஷன் என்ற சிறு நிரல் ஒன்று, 2023 நவம்பரில் அறிமுகமான கீவேல்யூஸ்டோர் என்ற சேமிப்பிலிருந்து படித்து, வரும் முகவரியின் முன் சேர்க்கிறது. ரோல்பேக் என்றால் அந்த ஒரு மதிப்பை மாற்றுவது. சில நொடிகளில் பரவிவிடும்.

சிடிஎன் கோப்புகளை எடுக்கும் பக்கெட் பாதையை சிடிஎன் அமைப்பிலேயே மாற்றும் எளிய வழியையும் பரிசீலித்தோம். அது பரவச் சில நிமிடங்கள் ஆகும் என்பதோடு, கேஷில் உள்ள பிரதி எந்த வெளியீட்டைச் சேர்ந்தது என்பது சிடிஎன்-க்குத் தெரியாது. எனவே பிரதிகளை அழித்தாக வேண்டும். முகவரியையே மாற்றும்போது கேஷின் சாவியும், அதாவது பிரதியைத் தேடும் அடையாளமும், மாறுவதால், முந்தைய வெளியீட்டின் பிரதிகள் சிடிஎன்-இல் இன்னும் இருந்தால் அவையே உடனே கிடைக்கும், அழிக்கும் படி தேவையில்லை. நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற சேவைகளுக்கு மாறிவிட்டால் வெளியீடுகளைத் தனித்தனியாக வைத்து ஒரு சொடுக்கில் திரும்பும் வசதி இயல்பாகவே கிடைக்கும் என்று ஒருவர் வாதிட்டார். அவர் சொன்னது சரியே. நிறுவனத்தின் பிற ஏற்பாடுகள் காரணமாக மாறவில்லை. மாறியிருந்தாலும் கைபேசிக்குள் தங்கிய பதிப்பின் சிக்கல் அப்படியே இருந்திருக்கும்.

சர்வீஸ் வொர்க்கர் கோப்பு கோப்புறைகளுக்கு வெளியே தனியாக வைக்கப்பட்டுள்ளது, அது ஒருபோதும் பின்னோக்கிப் போவதில்லை. ரோல்பேக் செய்யும்போதும் அதற்கு உயர்ந்த எண்ணுடன் புதிய பதிப்பு உருவாகி, பழைய வெளியீட்டின் பட்டியலை ஏந்திச் செல்கிறது. அட்டவணைப் பக்கங்களை முதலில் இணையத்தில் தேடி, கிடைக்காதபோது மட்டும் சேமிப்பிலிருந்து காட்டும்படியும் மாற்றினோம். பலவீனமான சிக்னலில் பக்கம் சற்றுத் தாமதமாக வருகிறது என்ற குறை மெக்கானிக்குகளிடமிருந்து வந்தது. எண்கள் உள்ள பக்கங்களுக்கு அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொண்டோம்.

‘முடிந்தது’ என்பதன் பொருளும் மாறியது. பில்டின்போதே ஒவ்வொரு கோப்பின் எம்டி5 மதிப்பும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு ஹாஷும், ஒரு பட்டியலாக எழுதப்படுகிறது. ஒரே துண்டாக ஏற்றப்பட்டு, கேஎம்எஸ் என்ற சாவிச் சேவையின் குறியாக்கம் இல்லாத கோப்புகளுக்கு எஸ்3 தரும் ஈடேக் என்ற அடையாளம் அதே மதிப்பாகவே இருக்கும் என்பதால் இரண்டையும் ஒப்பிட முடிகிறது. பிறகு ஒரு நிரல் வெளியிலிருந்து, எந்தச் சேமிப்பும் இல்லாத உலாவியைப் போல எல்லாப் பக்கங்களையும் கேட்டு, அவை சுட்டும் ஒவ்வொரு கோப்பும் சரியான வகையில் வருகிறதா என்று பார்க்கிறது. இது முடிந்த பிறகே ரோல்பேக் முடிந்ததாக அறிவிக்கப்படும். தன் கைபேசியில் பார்த்துச் சொல்வது இனி சான்றாகக் கொள்ளப்படுவதில்லை.

பணியில் இருப்பவர் யாரையும் கேட்காமல் ரோல்பேக் செய்யலாம். புதிய வெளியீட்டுக்குத்தான் ஒப்புதல் தேவை. எண்களின் திருத்தம் வடிவ மாற்றத்தோடு ஒரே வெளியீட்டில் செல்வதில்லை. தவறான எண் வெளியே போனது உறுதியானால், முகவர்களுக்கான செய்தி தளத்தைத் தொடுவதற்கு முன்பே போகும். அதன் வாசகம் நேரத்துக்கு மட்டும் இடம் விட்டு எழுதி வைக்கப்பட்டுள்ளது.

ஒத்திகைகளில் கண்டவை

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதனைத் தளத்தில் ரோல்பேக் ஒத்திகை நடத்துகிறோம். முந்தைய நாள் வெளியீட்டுக்குத் திரும்புவது எளிது என்பதால், எந்த வெளியீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஒத்திகை நடத்துபவர் அப்போதுதான் சொல்வார். முதல் இரண்டும் குறையின்றி முடிந்தன. மூன்றாவது ஒத்திகையில் மூன்று மாதப் பழைய வெளியீடு ஒன்றைக் கேட்டபோது பக்கங்கள் வந்தன, வடிவம் வரவில்லை. பொதுவிடத்தில் உள்ள ஹாஷ் கோப்புகளை அறுபது நாளில் அகற்றும் விதி ஒன்றைப் பக்கெட்டில் நாங்களே வைத்திருந்தோம். வெளியீட்டுக் கோப்புறைகளை வைத்திருப்பதோ தொண்ணூறு நாள். வயதை மட்டும் பார்த்த அந்த விதியை எடுத்துவிட்டு, இருக்கும் கோப்புறைகளில் ஏதேனும் ஒன்றாவது சுட்டும் கோப்பை அகற்றாத ஒரு நிரலை அதன் இடத்தில் வைத்தோம். நான்காவது ஒத்திகையில் அதே அளவு பழைய வெளியீடு ஒன்றைக் கேட்டோம். வெளிச்சோதனை நிரல் எல்லாப் பக்கங்களையும் தேர்ச்சி எனக் காட்டியது.